தடுப்பூசிக்குப் பின் தோள் நோ: நட்டஈடு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி (கொக்குவில்): காலில் ஆணி குத்தியதற்கு ஏற்பு ஊசி போட்ட அன்றிரவு முதல் இடக்கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியவில்லை. ஐந்து மாதங்களாகின்றன. அமெரிக்காவில் இதற்கு அரசே நட்டஈடு கொடுக்கிறதாம். இங்கு யாரிடம் விண்ணப்பிப்பது?

பதில்: அங்கு 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், எவருடைய தவறையும் நிரூபிக்காமலே நட்டஈடு பெறலாம், 2017 முதல் தோள் காயமும் நட்டஈட்டுக்குரிய காயங்களின் அட்டவணையில் உள்ளது. இலங்கையில் அத்தகைய திட்டம் இல்லாததால், மாவட்ட நீதிமன்றத்தில் தீங்கியல் வழக்கு (பிறரின் தவறால் நேர்ந்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்கு) தொடுத்து, ஊசி ஏற்றியதில் கவனயீனம் இருந்ததையும் அதனாலேயே காயம் ஏற்பட்டதையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். ஊசி தோளெலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரலளவு கீழே, தசைக்குள் செல்ல வேண்டும். மிக மேலே குத்தினால் மூட்டை ஒட்டிய சவ்வுப்பைக்குள் மருந்து இறங்கி அழற்சியை உண்டாக்கும். அரச வைத்தியசாலையென்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பின்பே வழக்கிடலாம். காலவரையறை இரண்டு ஆண்டுகள். ஐந்து மாதங்கள் ஏற்கெனவே போய்விட்டன.

கேள்வி (சாவகச்சேரி): போன வருடமோ அதற்கு முதல் வருடமோ போட்ட ஊசி, பெயர் ஞாபகமில்லை. எவ்வளவு காசு கிடைக்கும்?

பதில்: திகதியும் தெரியாமல், ஊசியும் தெரியாமல் தொகையை மட்டும் கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. ஊசி அட்டையைத் தேடி எடுத்த பின் எழுதுங்கள்.

கேள்வி (நல்லூர்): முறிவு நெரிவு வைத்தியரிடம் மூன்று மாதங்கள் எண்ணெய்க் கட்டுப் போட்டேன். பின்னர் எடுத்த ஸ்கானில் தோளில் அழற்சி தெரிந்தது. எனக்கு நீரிழிவும் உண்டு. ஸ்கான் மட்டும் போதுமா?

பதில்: போதாது. இந்த ஒரு குறையால் கைநழுவிய வழக்குகளைப் பார்த்துப் பார்த்து மனம் பதைக்கிறது. அந்த வைத்தியரிடம் போனது பிழையல்ல. எழுத்தில் ஒரு துண்டுகூட வாங்காமல் மூன்று மாதங்களைக் கழித்ததுதான் பிழை. அண்மையில் ஓர் அம்மா கொண்டுவந்த கிளினிக் கொப்பியில் ஊசி போட்ட திகதி நீல மையில் தெளிவாக இருந்தது. அடுத்த பதிவோ பதினொரு கிழமைக்குப் பின், ‘கை நோ’ என்று பொருள்படும் இரண்டே ஆங்கிலச் சொற்கள். எந்தக் கை, எப்போது தொடங்கியது, கொடியில் சீலை போட முடியாமற்போனது எந்த நாளில் என்று ஒன்றுமே இல்லை. ஸ்கான் அழற்சியைக் காட்டும். அது தொடங்கிய நாளைக் காட்டாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசி இல்லாமலே தோள் இறுகிப்போவதுண்டு என்று எதிர்த்தரப்பு வாதிடும்போது, உங்கள் கையில் விடை இருக்க வேண்டும். ஒரு சிறுமியின் மரணம் தொடர்பான வழக்கில், வைத்தியரின் கவனயீனம் நிறுவப்பட்டும், அதனாலேயே மரணம் நேர்ந்தது என்பது நிறுவப்படவில்லை என 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்ததை மறக்க வேண்டாம். இப்போதாவது அந்த வைத்தியரிடம் நீங்கள் முதலில் சென்ற திகதியுடன் கடிதம் வாங்குங்கள். ஊசிக்கு முன் தோள் நோ இருக்கவில்லை என்பதற்குப் பழைய கிளினிக் கொப்பிகளைச் சேருங்கள். எலும்பியல் நிபுணரிடம் காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலை பதிவுகளைத் தர மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். மற்ற வாசகர்களும் கேளுங்கள்: நோ தொடங்கிய முதல் இரண்டு நாட்களுக்குள் வைத்தியரிடம் காட்டி, திகதியோடு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (உரும்பிராய்): நியூஜேர்சியிலுள்ள தங்கைக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசியால் தோள் பாதிப்பு. அவள் சட்டத்தரணியின் கட்டணத்துக்குப் பயப்படுகிறாள்.

பதில்: பயம் வேண்டாம். நியாயமான அடிப்படையில் நல்லெண்ணத்துடன் இட்ட மனுவென்றால், தோற்றாலும் சட்டத்தரணியின் கட்டணத்தை அமெரிக்க நட்டஈட்டுத் திட்டமே தனியாகக் கொடுக்கலாம். நோ 48 மணித்தியாலங்களுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். பாதிப்பு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு இட வேண்டும். வேதனைக்கான தொகையின் உச்சம் இரண்டரை இலட்சம் டொலர். அங்கும் முதலில் கேட்பது திகதியிட்ட மருத்துவப் பதிவைத்தான்.

கேள்வி (வல்வெட்டித்துறை): இலண்டனிலுள்ள அண்ணாவுக்கு?

பதில்: அங்குள்ள அரச தடுப்பூசிப் பாதிப்புத் திட்டத்தில் 1,20,000 பவுண் கிடைக்க 60 சதவீத இயலாமை வேண்டும். தோள் காயம் மட்டும் அந்த அளவை எட்டுவது அரிது. கவனயீன வழக்கைப் பற்றி அங்குள்ள சட்டத்தரணியைக் கேட்கட்டும்.

கேள்வி (மானிப்பாய்): சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டேன். வழக்கிட உரிமை போய்விட்டதா?

பதில்: இல்லை. ஊசி போடச் சம்மதித்தீர்கள், கவனயீனமாகப் போடுவதற்கு அல்ல. அந்தப் படிவத்தின் பிரதியையும் வாங்கி வைத்திருங்கள்.