அப்பாவின் துவக்கு வீட்டில் இருக்கும்போது பிஸ்டலுக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: கந்தப்பளையில் இருக்கிறேன். விவசாயிகளிடம் கரட், லீக்ஸ் வாங்கி லொறியில் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன். திரும்பும்போது கையில் காசு இருக்கும். போன மாதம் ஓர் இரவு றம்பொடைப் பக்கம் இரண்டு பேர் லொறியை மறித்து, கத்தியைக் காட்டிப் பணத்தைப் பறித்துவிட்டார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இனிப் பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் வேண்டும். மூன்று லட்சம் கொடுத்தால் கொழும்பில் ஆள் பிடித்து லைசன்ஸ் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அதுவரை, காட்டுப்பன்றிக்காக அப்பா வைத்திருந்த துவக்கை லொறியில் கொண்டுபோகலாமா? அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. லைசன்ஸ் அவர் பேரில் இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியில் பிஸ்டலை விட எனக்குப் பயம் தருவது அந்தத் துவக்குதான். முதலில் அதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் சுடுகலன்களுக்கான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் செய்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் ஆளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது, வீட்டுக்கு அல்ல. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31 உடன் அது காலாவதியாகும். ஆகவே அப்பா போன பிறகு அந்தத் துவக்கை வைத்திருக்க உங்களிடம் எந்த அனுமதியும் இல்லை. இன்று பொலிஸ் வீட்டைச் சோதனை போட்டால், 'அப்பாவுடையது சேர்' என்று சொல்லித் தப்ப முடியாது. லொறியில் கொண்டுபோவது அதைவிட மோசம். அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் அது பயிரைக் காக்கக் கொடுத்த துவக்கு. காசுக்குக் காவலாக ஊர் ஊராகக் கொண்டுபோக முடியாது.

தயவுசெய்து இந்த வாரமே அதை ஒப்படைத்துவிடுங்கள். ஆனால் சாக்கில் சுற்றி பஸ்ஸிலோ லொறியிலோ எடுத்துப் போகாதீர்கள். வழியில் சோதனைச் சாவடியில் பிடிபட்டால், ஒப்படைக்கத்தான் போனேன் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அப்புறம் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் பேசி, அவர்களே வீட்டுக்கு வந்து எடுக்கும்படி கேளுங்கள். அப்பாவின் மரணச் சான்றிதழையும் பழைய அனுமதிப்பத்திரத்தையும் கையில் வைத்திருங்கள். துவக்கில் பொறித்திருக்கும் இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பெறும் பற்றுச்சீட்டில் அந்த இலக்கமும், எத்தனை தோட்டா கொடுத்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும்.

வாக்குமூலம் எடுப்பார்கள். நம் பக்கத்தில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நாம் தமிழில் சொல்ல, அவர்கள் சிங்களத்தில் எழுத, வாசிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். 'அப்பா இறந்த பின் பெட்டியில் கிடந்தது' என்று நீங்கள் சொன்னது, 'நான் வைத்திருந்தேன்' என்று பதிவானால் வழக்கின் போக்கே மாறும். தமிழில் எழுதும்படி கேளுங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், தமிழில் வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்திடுங்கள். கூடவே ஒரு சட்டத்தரணியை அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

பன்றித் தொல்லைக்கு அந்தத் துவக்கு வேண்டுமானால், மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு உங்கள் பேருக்குக் கேட்டு மாவட்டச் செயலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பயிர் செய்யும் நிலம் உங்களுடையது என்று காட்ட வேண்டிவரும். தோட்ட நிர்வாகம் வாயால் அனுமதித்த துண்டு நிலத்தில் மரக்கறி போடும் நம்மவர்கள் எத்தனையோ பேர்! அவர்களிடம் காணி உறுதியும் இல்லை, குத்தகைப் பத்திரமும் இல்லை. உங்கள் நிலையும் அதுவென்றால் முதலில் எழுத்தில் ஓர் அனுமதி வாங்க முயலுங்கள்.

இனிப் பிஸ்டல். தற்பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கியைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எடுக்க முடியாது, அது பாதுகாப்பு அமைச்சின் கையில். உங்கள் உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உண்டா என்று பொலிஸ் அறிக்கை கேட்பார்கள். உங்கள் மேல் வழக்கு எதுவும் உண்டா என்று பார்ப்பார்கள். பணம் பறிபோன முறைப்பாட்டின் பிரதி அங்கே உதவும். அனுமதியில்லாத துவக்கோடு பிடிபட்ட வழக்கு ஒன்று இருந்தால் கதை அத்தோடு முடிந்துவிடும். துவக்கை முதலில் ஒப்படைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

எளிதில் கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காக வழங்கிய சுடுகலன்களைக்கூட தோட்டாக்களோடு வெலிசறையில் உள்ள கடற்படைப் பிரிவில் ஒப்படைக்கும்படி அமைச்சு உத்தரவிட்டது, யாருக்கு உண்மையில் தேவை என்று மீளப் பரிசீலிப்பதற்காக. கையில் இருந்தவர்களுக்கே அந்த நிலை. 'காசு கொண்டுபோகிறேன்' என்று மட்டும் எழுதினால், வங்கியில் போடலாமே என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வியும்கூட. தம்புள்ளைக் கடைக்காரரிடம் பணத்தை உங்கள் கணக்கில் வைப்பிடச் சொல்லிப் பாருங்கள். அனுமதி கிடைத்தாலும் நினைத்தபடி சுட முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு முதல் சொல்லப்படும் தற்காப்பு உரிமை, தேவைக்கு மேற்பட்ட தீங்கை அனுமதிப்பதில்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் வழக்கில் குற்றஞ்சாட்டப்படுவது நீங்கள்தான்.

அந்த மூன்று லட்சம் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. திரும்ப வந்து தொல்லை கொடுத்தால், லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் கொண்டுவரும் போலிப் பத்திரத்தை நம்பித் துப்பாக்கி வைத்திருந்து சிறைக்குப் போவது நீங்களாகத்தான் இருக்கும்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மாதக்கணக்கில் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காரணம் நியாயமற்றது என்றால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அரச அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் ‘ரிட்’ கட்டளை) கேட்கலாமா என்று அந்தக் கடிதத்தை வைத்துத்தான் பார்க்க முடியும்.