கேட்டதும் சொன்னதும்: விடிய விடிய விழிப்பு

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் கடலில் இருக்கும் இரவுகளில் எனக்குத் தூக்கமே வராது. மனசை மாற்ற போனில் வீடியோ பார்ப்பேன், மணி இரண்டாகிவிடும். என்ன செய்வது?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: எல்லோரும் போன் வெளிச்சத்தைத்தான் திட்டுவார்கள். உங்கள் விஷயத்தில் அது சின்னக் காரணம். வீடியோ ஓடும்வரை கவலை ஒதுங்கி நிற்கிறது, நிறுத்தியதும் வந்து உட்காருகிறது. அதனால்தான் கீழே வைக்க மனம் வருவதில்லை. தூக்கம் குறைந்த மறுநாள் அதே கவலை இன்னும் பெரிதாகத் தெரியும்.

கவலையை மாலையிலேயே பார்த்துவிடுங்கள். ஏழு மணிக்கு, படுக்கிற இடத்தில் அல்ல, திண்ணையில் 15 நிமிடம் உட்காருங்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு. ‘காற்று கூடுமோ’, ‘எல்லை தாண்டியதாகப் பிடித்துவிடுவார்களோ’ இரண்டும் வலப்பக்கம். அவை உங்கள் கையில் இல்லை. ‘கூடப் போன படகுக்காரர் வீட்டில் விசாரிக்க வேண்டும்’, ‘ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டும்’ இடப்பக்கம். இடப்பக்க வரி ஒவ்வொன்றுக்கும் எப்போது, யாரிடம் என்று எழுதுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: ‘பயமாக இருக்கிறது’ என்றே பக்கம் பக்கமாக எழுதினால், மனசுக்குள் உருட்டியதைப் பேனாவால் உருட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது போன். ‘செய்தி வந்தால் எழுப்புங்கள்’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, உங்கள் போனை அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். அம்மாவும் தூங்க வேண்டுமே. சித்தப்பா வீட்டோடு முறை வைத்துக்கொள்ளலாம்.

படுத்து உத்தேசமாக 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம். மங்கலான விளக்கில் துணி மடியுங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். எந்நேரம் தூங்கினாலும் காலை ஆறுக்கு எழ வேண்டும். முதல் வாரம் பகலில் அசதி கூடத்தான் செய்யும், அதைக் கண்டு விட்டுவிடாதீர்கள். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படியே என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனம் விட்டுப் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவிலும் கிடைக்கும், கட்டணமில்லை.

கேள்வி: வயது 22. நாட்டுப்படகில் அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பி மதியம் திரும்புவோம். கடன் நினைப்பு. கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. பகலில் டீயில்தான் ஓடுகிறது.
- வாசகர், பாம்பன்

பதில்: குடித்தால் சீக்கிரம் கண் அசரும், உண்மைதான். ஆனால் சாராயம் உடம்பில் கரையக் கரையத் தூக்கம் துண்டு துண்டாகும். நீங்கள் எழும் நேரமோ ஒன்றரை மணி. போதை தெளியாமல் படகேறுவது வேறு ஆபத்து. தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்கிறபடி குறையுங்கள்.

தூக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இரவு எட்டு முதல் ஒன்றரை வரை. கரை வந்து சாப்பிட்டபின் ஒன்றரை மணி நேரம். மதியத் தூக்கம் மூன்று மணிக்குள் முடியட்டும், நீண்டால் எட்டுக்குத் தூக்கம் வராது. டீயில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும், ஆகவே கடைசி டீ மதியம் பன்னிரண்டுக்குள். தகரக் கூரையானால் பகலில் அங்கே படுக்காமல் கொட்டகையில் படுங்கள், கண்ணுக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டு. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஈரத்துணியைத் தொங்கவிடுவது உதவாது. இருக்கிற ஈரமே காய மறுக்கிறது.

கடன் விஷயமும் நோட்டுக்குப் போகட்டும்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி.

கேள்வி: பதினாறு வயது மகன் பன்னிரண்டு மணிவரை படிக்கிறான், லீவு நாளில் மதியம்வரை தூங்குகிறான். சோம்பேறித்தனமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: இல்லை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப் போகும். அவனுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. லீவு நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட்டு, எழுப்பி வாசலில் வெயில் படும்படி டிபன் கொடுங்கள்.