எத்தனை தடவை வரலாம்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

ஒரு எண்ணை கூட்டலா பிரிச்சு எழுதினா, வரிசை மாறினாலும் தனியா எண்ணினா, 4-க்கு 8, 5-க்கு 16னு டபுள் ஆகிட்டே போகும்னு தெரியும். இதுல எந்த எண்ணும் ரெண்டு தடவைக்கு மேல வரக்கூடாதுன்னா எத்தனை? 4-க்கு கையால எண்ணினேன், 7 வருது. ரூம்மேட் 4-னு அடிச்சு சொல்றான், கார்லிட்ஸ்னு ஒருத்தர் எழுதியிருக்காராம். எல்லாத்தையும் லிஸ்ட் போட்டு வடிகட்டுற மாதிரி ப்ரோக்ராம் எழுதினேன், 30-க்கு முடியவே மாட்டேங்குது. வேற வழி இருக்கா சார்?

வணக்கம் தம்பி,

உங்க கேள்விக்கு 7 தான் சரி. ரூம்மேட் சொல்றது வேற கேள்வி. லியனார்ட் கார்லிட்ஸ்ங்குற கணித அறிஞர் 1976-ல எழுதினது பக்கத்து பக்கத்துல ஒரே எண் வரக்கூடாதுங்குற கண்டிஷன். அதுல 2+2 போயிடும், 1+1+2 போயிடும், ஆனா 1+2+1 நிக்கும், அதனால 4 தான் மிஞ்சும். எந்த எண்ணும் திரும்ப வரவே கூடாதுன்னா 3. உங்க கண்டிஷன்ல 1+1+1+1 மட்டும்தான் அவுட்.

ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனா போற வேகம் ரொம்ப வேற. கார்லிட்ஸ் கணக்குல கடைசியா வச்ச எண்ணை மட்டும் ஞாபகம் வச்சா போதும், அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு கவலை இல்ல, அதனால எண் ஒண்ணு கூடும்போதெல்லாம் அந்த எண்ணிக்கை சுமார் 1.75 மடங்கு வளந்துட்டே போகும். உங்க கண்டிஷன் அப்படி இல்ல, முழு வரிசையையும் பாக்கணும். 30-ஐ எடுத்துக்கோங்க, 1-லேருந்து 5 வரைக்கும் ரெண்டு ரெண்டு தடவை போட்டாலே 30 ஆயிடுது, அதனால 10 எண்ணுக்கு மேல எந்த வரிசையிலயும் வராது. இப்படி நீளமே அடைபட்டு போறதால, 1-ஐ விட கொஞ்சமே பெரிய எண்ணை எடுத்து அடுக்கு போட்டாலும் அந்த அடுக்கு கடைசியில உங்க எண்ணிக்கையை முந்திடும். எனக்கு இந்த கணக்குல ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

இப்ப ப்ரோக்ராம். 30-க்கு மொத்தம் 53 கோடிக்கு மேல வரிசை இருக்கு, ஒவ்வொண்ணா எழுதி பாக்குறதுல அர்த்தமே இல்ல. வரிசையை இடமிருந்து வலமா கட்டாதீங்க, எண் வாரியா கட்டுங்க. முதல்ல 1-ஐ எத்தனை தடவை போடலாம்னு பாருங்க, 0, 1 இல்ல 2, அப்புறம் 2-ஐ, அப்புறம் 3-ஐ. டேபிள்ல ரெண்டே விஷயம்தான் வேணும், இதுவரைக்கும் கூட்டுத்தொகை எவ்வளவு, எத்தனை எண் சேந்திருக்கு. ஏற்கனவே 3 எண் இருக்குற வரிசையில புதுசா ரெண்டு 4-ஐ செருகணும்னா மொத்தம் 5 இடம், அதுல 2 இடம் தேர்வு பண்ண 10 வழி, அதால பெருக்கிட்டு மேல போங்க. வரிசைப்படுத்துற வேலை பூரா அந்த பெருக்கல்லயே முடிஞ்சுடும். 30-க்கு முப்பதாயிரத்து சொச்சம் ஸ்டெப்புக்குள்ள விடை வந்துடும். ஒரே டேபிளை திருத்திக்கிட்டே போறீங்கன்னா கூட்டுத்தொகையை பெருசுலேருந்து சிறுசுக்கு ஓட்டுங்க, இல்லன்னா இப்பதான் போட்ட எண்ணையே மறுபடி போட்டு லிமிட்டை தாண்டிடும்.

செக் பண்ண, 1-லேருந்து 6 வரைக்கும் 1, 2, 3, 7, 11, 21 வரணும். லிமிட்டை மூணா மாத்தினா எத்தனை தடவைன்னு பாக்குற அந்த உள் லூப் மட்டும் 3 வரைக்கும் போகும், அப்ப 5-க்கு 2+1+1+1-ஓட நாலு வரிசையும் உள்ள வந்து 15 ஆகும்.