யார்க்டவுன் போரில் ஒரு சாதாரணச் சிப்பாயின் அனுபவம் எப்படி இருந்தது?

கல்லூரித் தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரிட்டனை எதிர்த்த அமெரிக்க விடுதலைப் போரில் நடந்த முற்றுகை அது. தேர்வுக்கு அமெரிக்கத் தளபதி வாஷிங்டனும் துணைக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படையும் போதும். ஆனால் நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சாப்பர் என்றால் குழி வெட்டி, தடுப்பை உடைத்துப் படைக்கு வழி செய்பவன். மண் வெட்டியவனை விட்டுவிட்டு அந்த முற்றுகையைப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஜோசப் பிளம் மார்ட்டின் 1776இல், பதினைந்து வயதில், அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். 1781இல் யார்க்டவுனில் சாப்பர் பிரிவின் சார்ஜென்ட். அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இருட்டான மழை இரவில், குழி வெட்ட வேண்டிய கோட்டில் பைன் மரச் சட்டங்களை வரிசையாக வைக்கிறார்கள். இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பொறியாளர்கள் போய்விடுகிறார்கள். எதிரி கிட்டத்தில். அப்போது மேலங்கி அணிந்த ஒருவர் தனியாக வந்து பேச்சுக் கொடுக்கிறார். பிடிபட்டால் எந்தப் பிரிவு என்று சொல்லாதீர்கள் என்கிறார். அக்காலப் போர் மரபில் சாப்பருக்கு உயிர்ப்பிச்சை கிடையாது. பிறகு பொறியாளர்கள் அழைத்த விதத்தில்தான் அவர் வாஷிங்டன் என்று தெரிகிறது.

எல்லையில் நாங்களும் இரவில் வெட்டியிருக்கிறோம். விளக்கு கூடாது, மண்வெட்டி கல்லில் படக் கூடாது, நனைந்த உடையோடு விடியும்வரை. அதைச் சண்டை என்று யாரும் எண்ணுவதில்லை.

அக்டோபர் 14 இரவு பிரிட்டிஷாரின் பத்தாம் எண் மண்கோட்டையைத் தாக்க வேண்டும். தலைமை அலெக்சாண்டர் ஹாமில்டன். மூன்று குண்டுகள் வானில் பறப்பதுதான் சைகை. மேற்கு வானில் வியாழன், வெள்ளி என்ற இரு கோள்களும் நெருங்கி நின்றதால், அவற்றையே சைகை என்று நினைத்து மார்ட்டின் எழப்போனாராம். காலாட்படை குண்டு நிரப்பாத துப்பாக்கிகளோடு காத்திருக்க, கோடரியோடு முன்னே போனது சாப்பர்கள்தான். கூராகச் சீவிய மரத்தடுப்பை அவர்கள் வெட்டினால்தான் வழி. ஆட்கள் சரமாரியாக விழுவதைப் பார்த்து எல்லோரும் செத்தோம் என்று நினைக்கிறார். உண்மையில் அவர்கள் குண்டுகள் தோண்டிய பள்ளங்களில் இடறி விழுந்திருக்கிறார்கள். ஆனால் தடுப்பின் இடைவெளியில் நுழையும்போது அருகில் இருந்தவர் தலையில் குண்டு பாய்ந்து, அலறியபடி இவர் காலடியிலேயே விழுந்தார். மண்கோட்டை சில நிமிடங்களில் விழுந்தது. 19ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்பில் ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் சரணடைந்தார்கள்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 1830இல் வெளியான மார்ட்டினின் நினைவுகளை நம்பலாமா என்று இங்கே சிலர் வருவார்கள். தேதி மாறியிருக்கலாம், சொற்கள் மாறியிருக்கலாம். காலடியில் விழுந்தவனை மறக்க முடியாது. அமெரிக்காவுக்குக் கொடி பிடிக்கிறேன் என்றும் சொல்ல வேண்டாம். சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸே பிறகு நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தவர், அவர் சிலை இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. போருக்குப் பின் அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் மார்ட்டின் உழுத நிலத்துக்கு உரிமை கோரியவர் ஹென்றி நாக்ஸ், அதே யார்க்டவுனில் அமெரிக்கப் பீரங்கிப் படைத் தலைவர். நிலத்தை விட்டுவைக்கும்படி 1801இல் கெஞ்சி எழுதியும் பயனில்லை. 1818இல்தான் ஓய்வூதியம், ஆண்டுக்கு 96 டாலர்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பணியில் கெட்ட என் முழங்காலுக்கான ஊனமுற்றோர் ஓய்வூதியக் கோப்பு, ஒரு சான்றிதழில் தகப்பன் பெயரின் எழுத்து மாறியிருக்கிறது என்று மறுபடி திரும்பி வந்திருக்கிறது. எழுதியது அவர்களுடைய எழுத்தர். திருத்த அலைய வேண்டியவன் நான்.