ஊரில் போட்ட ஊசி இங்கே போதுமா?

தம்பி, டொராண்டோவில் வாடகை எவ்வளவு, குளிர் ஜாக்கெட்டைச் சென்னையிலேயே வாங்கிவிடலாமா, பையனுக்கு ஊரில் போட்ட தட்டம்மை ஊசி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "இனி ஊசியே வேண்டாம், இயற்கையா எதிர்ப்பு சக்தி வரட்டும்" என்று இங்குள்ள நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாடகையைக் கேட்டால் மயக்கம்தான் வரும். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். ஊசிக்கு வருகிறேன்.

போதாது. நம் ஊரில் 9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி போட்டுவிடுகிறார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்றரை வயதில் போட்டதுதான் இவர்களுக்கு முதல் ஊசி. மேலும் அரசு ஆஸ்பத்திரியில் போடுவது தட்டம்மை, ரூபெல்லாவுக்கு மட்டும். இங்கே பள்ளியில் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துக் கேட்பார்கள். பதிவு இல்லையென்றால் 20 பள்ளி நாள் வரை பிள்ளையை நிறுத்திவைக்கலாம். எங்களுக்கும் அப்படி எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. மகளின் ஊசி அட்டையில் மஞ்சள் கறை, நர்ஸம்மா கிறுக்கிய தேதி. கவுண்ட்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார். திரும்பப் போட்டோம். ஒன்று கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை.

அந்த நண்பர் மாதிரி ஆட்களை நிறைய பார்த்துவிட்டேன். ஊரில் வரிசையில் நின்று போலியோ சொட்டு வாங்கியவர்கள், இங்கே வந்து வீடு வாங்கியதும் வாட்ஸப் வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். கனடா தட்டம்மையை ஒழித்தது 1998இல். 2025இல் 5,000 பேருக்கு மேல் வந்து, அந்த நவம்பரில் ஒழித்த நாடு என்ற தகுதியும் போயிற்று. பெரும்பாலும் ஊசி போடாதவர்கள்தான்.

இயற்கையாக வரட்டும் என்பதில் இருக்கும் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிருமி பிடிப்பதே எதிர்ப்பு சக்தியின் நினைவுச் செல்களைத்தான். பழைய நோய்களை அடையாளம் வைத்திருக்கும் செல்கள் அழிகின்றன. நெதர்லாந்தில் ஊசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் வந்த பின்னும் சோதித்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மற்ற நோய்களுக்கு உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம். ஊசி போட்ட பிள்ளைகளிடம் அந்த இழப்பு இல்லை.

எங்கள் பாட்டிக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. என் தம்பிக்கு மணல்வாரி, அதாவது இதே தட்டம்மை, கண்டபோது வாசலில் வேப்பிலை செருகி, ஆத்தா இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஆனால் அதோடு விடவில்லை. "அம்மை பார்த்த உடம்பு, ஒரு வருஷம் எது வேணா ஒட்டும்" என்று அவனைத் திருவிழாவுக்குக்கூட அனுப்பவில்லை. அப்படியும் அவனுக்குக் காதில் சீழ், வயிற்றுப்போக்கு, மார்ச்சளி என்று மாறி மாறி வந்தது. அரைப் பரீட்சை எழுதவே இல்லை. அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்கு அலைந்தாள். அவனோ போகும் வழியில் பன் வாங்கித் தந்தால்தான் டாக்டரிடம் வாயைத் திறப்பான்.

சரி, கிளம்பும் முன் டாக்டரிடம் ஊசித் தேதிகளை ஆங்கிலத்தில் டைப் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். எங்கள் பெட்டி ஒன்று நாங்கள் வந்து ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது.