ஒரே சர்வர், மூன்று ஐபி: ஃபயர்வால் விதியில் எதைக் குறிப்பிடுவது?

கேள்வி: லினக்ஸ் சர்வரில் ஒரே நெட்வொர்க் கார்டு, அதில் மூன்று ஐபி முகவரிகள். இரண்டில் இணையதளங்கள் ஓடுகின்றன. மூன்றாவதில் மட்டும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) திறந்திருக்க வேண்டும். ‘ஈத்0:2’ என்று குறிப்பிட்டு, லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் விதி எழுதினேன். அதன் கவுன்டர் (விதிக்குப் பொருந்திய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. ஏன்?

பதில்: ஈத்0:2 தனி இன்டர்ஃபேஸ் அல்ல, முகவரிக்கு ஒட்டிய லேபிள்தான். எந்த முகவரிக்கு வந்த பாக்கெட்டானாலும் ஃபயர்வால் கண்ணுக்கு அது ‘ஈத்0’ வழியாக வந்தது. ஆகவே லேபிளை விட்டுவிட்டு, சேருமிட முகவரியை வைத்து விதி எழுதுங்கள். ‘டி’ ஆப்ஷன் அதற்குத்தான்.

முகவரிகள் 203.0.113.10, 11, 12 என்று வைத்துக்கொள்வோம். இன்புட் செயினில் (சர்வருக்கு வரும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசை) முதலில் லூப்பேக் இன்டர்ஃபேஸை (சர்வர் தன்னோடு பேசும் உள்வழி) முழுதாக அனுமதியுங்கள். 127.0.0.1-க்கு மட்டும் என்று சுருக்க வேண்டாம்: சர்வர் தன் சொந்த 203.0.113.11-ஐ அழைத்தாலும் அந்தப் பாக்கெட் லூப்பேக் வழியாகத்தான் போகும். அடுத்து, ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளுக்கும் தொடர்புடைய பாக்கெட்டுகளுக்கும் அனுமதி. பிறகு 10, 11-க்கு இணையதளங்களுக்கான டிசிபி போர்ட் 80, 443. 12-க்கு எஸ்எஸ்ஹெச் போர்ட்டான 22, அதுவும் உங்கள் நிர்வாக நெட்வொர்க்கிலிருந்து வந்தால் மட்டும். இவை எல்லாம் அமைந்த பிறகே செயினின் பாலிசியை (எந்த விதிக்கும் பொருந்தாத பாக்கெட்டுக்கான முடிவு) டிராப், அதாவது வீழ்த்து, என்று ஆக்குங்கள்.

விதிகளைப் பழைய நிலைக்கு மாற்றும் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளையை இயக்கும் ‘அட்’ மூலம் ஐந்து நிமிடம் தள்ளி முன்பே போட்டுவையுங்கள். சோதனையைப் புதிய எஸ்எஸ்ஹெச் இணைப்பில் செய்யுங்கள். திறந்திருக்கும் பழைய இணைப்பு நிலைபெற்றது என்பதால் தப்பிப் பிழைத்துவிடும். அதை நம்பி ‘அட்’ கட்டளையை ரத்து செய்தால் வெளியே மாட்டிக்கொள்வீர்கள்.

பின்னாளில் இரண்டாவது கார்டு சேர்த்தால் கூடுதல் கவனம் தேவை. லினக்ஸில் முகவரி கார்டுக்குச் சொந்தமல்ல, சர்வருக்குச் சொந்தம். உள் கார்டின் 10.0.0.5-ஐக் குறிவைத்த பாக்கெட் வெளிக் கார்டு வழியாக வந்தாலும் கெர்னல் ஏற்கும். கெர்னலின் ஆர்பி ஃபில்டர் என்ற அமைப்பு இதைத் தடுக்காது, அது அனுப்புநர் முகவரியைத்தான் சோதிக்கிறது. எனவே அங்கே இன்டர்ஃபேஸ், சேருமிடம் இரண்டையும் ஒரே விதியில் சேர்த்து எழுத வேண்டும்.

இரு கார்டுகளுக்கும் தனித்தனி கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) இருந்தால், பலர் ஃபயர்வால்மேல் போடும் பழி உண்மையில் ரௌட்டிங்கின் தவறு. இரண்டாவது கார்டில் வந்த அழைப்புக்கான பதில் இயல்பு கேட்வே வழியாக வெளியேறும், வழியிலேயே தொலையும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாக்கெட் தெரிகிறது, இன்புட் கவுன்டர் மட்டும் ஏறவில்லை என்றால் ஆர்பி ஃபில்டர் 1-இல் (கண்டிப்பான சோதனை) இருக்கிறதா என்று பாருங்கள். இன்புட் செயினை எட்டுமுன்பே அது பாக்கெட்டை ஓசையின்றி வீழ்த்தும். எல்லா இன்டர்ஃபேஸ்களுக்குமான ‘ஆல்’ மதிப்பு, அந்த இன்டர்ஃபேஸின் மதிப்பு, இரண்டில் பெரியதே செல்லும். 2 (தளர்ந்த சோதனை) என்று வைத்தால் பாக்கெட் உள்ளே வரும், ஆனால் பதில் சரியான வாசலில் போக முகவரிக்கொரு ரௌட்டிங் டேபிளும், அனுப்புநர் முகவரியைப் பார்த்து அந்த டேபிளைத் தேர்ந்தெடுக்கும் ‘ஐபி ரூல்’ விதியும் வேண்டும்.

ஐபிவி6 இயங்கினால் ஐபிடேபிள்ஸ் விதிகள் அதைத் தொடாது. ஐபி6டேபிள்ஸில் தனியே எழுதுங்கள். அதில் அண்டை கருவிகள் ஒன்றையொன்று தேடப் பயன்படும் ஐசிஎம்பிவி6 வகை 135, 136 செய்திகளை அடைத்தால் அண்டை கருவிகளே உங்கள் சர்வரைக் கண்டுபிடிக்க முடியாது.