பதினொரு இடங்களும் ஒரு பகலும்

அன்புள்ள ஐயா,

மார்ச் மாதம் மகளைப் பார்க்க கலிபோர்னியா போகிறோம். பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு நாள் தங்கல். மருமகன் பதினொரு இடங்களைக் குறித்து, மணிக்கணக்கோடு அட்டவணையே அனுப்பிவிட்டார். எனக்கு அறுபத்தாறு வயது, மனைவிக்கு முழங்கால் வலி. நீங்கள் அங்கே போனதை முன்பு ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். பணக்காரர்கள் நீச்சல்குளத்து ஓரம் படுத்துக்கிடக்கும் பாலைவன ஊரில் எங்களுக்குப் பார்க்க என்னதான் இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதினொன்றில் ஒன்பதை அடித்துவிடுங்கள். மருமகன் முகம் சுளிப்பார். ஆனால் வண்டி ஓட்டப்போகிறவர் அவர்தான், மாலையில் அவரே நன்றி சொல்வார்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆன்ட்ரியாஸ் கேன்யன் போய்விடுங்கள். ஊரின் தெற்கு ஓரத்தில், அகுவா கலியென்டே கவீயா பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்குவதும் அவர்கள்தான். சுற்றிவர ஒரு மைல். அம்மாவால் அவ்வளவு முடியாவிட்டால் ஓடை ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்ளட்டும், பெரிதாக எதையும் இழக்கமாட்டார். வறண்ட மலை இடுக்கில் நூற்றுக்கணக்கான பனைகள். ஓட்டல் வாசல்களில் நிற்கும் பேரீச்சை வேறு நாட்டிலிருந்து வந்தது. இது அந்த மண்ணிலேயே முளைத்த விசிறி ஓலைப் பனை. காய்ந்த ஓலை விழுவதில்லை, அடுக்கடுக்காகத் தொங்கி மரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் இருக்கும். காற்று அடித்தபோது அந்த உலர்ந்த ஓலைகள் உரசிய சத்தத்தில் மழை என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். மேலே துளி மேகமில்லை.

அங்கே பாறையில் உரல் குழிகள் உண்டு, தேடிப் பாருங்கள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். வெளிப்பாறை சொரசொரப்பு, குழியின் உட்புறம் மட்டும் அம்மிபோல வழவழப்பு. எத்தனை பெண்களின் கை அது! கவீயா மக்கள் மெஸ்கீட் காயை இடித்து மாவாக்கித் தின்றவர்கள். மெஸ்கீட் வேறெதுவும் இல்லை, நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவுதான்.

இனி உங்கள் பணக்காரர்கள். அவர்களில் பலர் படுத்திருப்பது குத்தகை நிலத்தில். ரயில் பாதை போடுவதற்காக அமெரிக்க அரசு, பாதையின் இருபுறமும் ஒரு மைல் சதுரங்களாக நிலத்தைப் பிரித்து, ஒற்றைப்படை எண் சதுரங்களை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. 1876இல் கவீயா மக்களுக்கு ஒதுக்கீடு தொடங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தவை இரட்டைப்படைச் சதுரங்கள். வரைபடத்தில் ஊர் இன்றும் சதுரங்கப் பலகைதான். ஆனால் நிலம் இருந்தும் பயனில்லை, நெடுங்காலக் குத்தகைக்கு விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1959இல்தான் 99 ஆண்டுக் குத்தகைக்கு வழி பிறந்தது. அகுவா கலியென்டே என்றால் ஸ்பானிய மொழியில் வெந்நீர். ஊருக்குப் பெயர் தந்த அந்த வெந்நீர் ஊற்று இன்றும் அவர்களுடையது, நடு ஊரில் இருக்கிறது.

அந்த ஊற்று இருக்கும் சதுரத்துக்கு 14 என்று எண். வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களும் மெக்சிகோ வழிக் குடும்பங்களும் அங்கே குடியிருந்தன. ஓட்டல் அறை பெருக்கியவர்களும் வீடு கட்டியவர்களும் அவர்கள்தான். குத்தகையின் மதிப்பு ஏறியதும் 1950களிலும் 60களிலும் அவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துக் கொளுத்தினார்கள். நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2021இல், இழப்பீட்டுக்கு 59 லட்சம் டாலர் ஒப்புக்கொண்டது 2024இல். உங்கள் மருமகனின் அட்டவணையில் இந்தச் சதுரம் இருக்காது. காரில் அதைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது இடம் மலைக்குப் போகும் கம்பிவட வண்டி. 1963இல் திறந்தது. ஏறக்குறைய 2,640 அடி உயரத்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் 8,500 அடியில் இறக்கிவிடும். வண்டியின் தளம் மெல்லச் சுழலும், ஆகவே ஜன்னலோர இடத்துக்குச் சண்டை வேண்டாம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கட்டளையாகவே சொல்கிறேன். நான் மார்ச்சில் மெல்லிய பருத்திச் சட்டையோடு ஏறினேன். கீழே வியர்வை, மேலே கணுக்கால் ஆழப் பனி. இருந்த ஒரு மணி நேரமும் காபிக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே பைன் மரங்களைப் பார்த்தேன்.

போகிற வழியில் மலைச்சாலை பிரியும் இடத்தில் ஒரு பழைய பெட்ரோல் பங்க் நிற்கும். கூரை பறக்கக் கிளம்பியதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆல்பர்ட் ஃப்ரே என்ற கட்டடக்கலைஞர் 1965இல் கட்டியது, இப்போது சுற்றுலாத் தகவல் மையம். இறங்க வேண்டியதில்லை, காரிலிருந்தே பார்க்கலாம்.

மூன்று மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். பிறகு அந்த நீச்சல்குளத்து ஓரமே போய் உட்காருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மேற்கே சான் ஹசின்டோ மலை பத்தாயிரம் அடிக்குமேல் சுவராக நிற்கிறது. ஆகவே பொழுது சாய வெகு நேரம் இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். நான் பார்த்த அன்று நிழல் முதலில் கூரையைத் தொட்டது, அடுத்து பனைமரத்தை, அடுத்து குளத்தின் ஒரு ஓரத்தை. பாதித் தண்ணீர் நீலம், பாதி கறுப்பு. கிழக்கே குன்றுகள் மட்டும் வெயிலில் செம்மையாகவே இருந்தன. படுத்திருந்த ஒருவர் ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நானும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.